மூணு வாரமா ஆறாத புண்ணு

அந்த வீடியோவைப் பத்தி எழுத வேண்டாம்னு ரெண்டு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு காலைல நாலாவது ஆளும் அதையே அனுப்பி, "அழற்சியைக் குறைச்சாலே வாய்ப் புற்றுநோய் போயிடுமாம், புண்ணுல துளி சதை எடுத்துப் பாக்குற பயாப்ஸியே வேணாமாம், நல்ல தகவல்"னு போட்டிருந்தாங்க. முடியல.

அதுல பாதி உண்மை, அதான் எனக்கு பயமே. வாய்ல காயம் பட்டா செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ல சைட்டோகைன்னு சில புரோட்டீன்களை விடும், டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 எல்லாம் அந்த வகைதான். அதனால வர்ற வீக்கம், சிவப்புதான் அழற்சி, காயம் ஆறினதும் அடங்கிடணும். புகையிலை, பாக்குன்னு தினம் அதே இடத்தைப் புண்ணாக்கிட்டே இருந்தா அடங்காது. இன்டர்லூக்கின்-6 போய் செல்லுக்குள்ள இருக்கிற ஸ்டாட்3ங்கிற புரோட்டீனைக் கிளப்பி விடும், சாக வேண்டிய செல் சாகாம பெருகும், இன்டர்லூக்கின்-8 அதுக்கு புது ரத்தக்குழாய் வளர வழி பண்ணும். அப்புறம் கேன்சர் செல்லே இதையெல்லாம் சுரக்க ஆரம்பிச்சிடும். கட்டிங்கிறது ஆறாத புண்ணு மாதிரின்னு ஹரோல்ட் ட்வோராக்ங்கிற நோயியல் ஆராய்ச்சியாளர் 1986லயே எழுதிட்டாரு. ஆனா டிஎன்ஏ கெட்டுப்போன செல்லு அங்கேயே உட்கார்ந்திருக்கே, வீக்கத்தைக் குறைச்சா அது எங்க போகும்?

என் சித்திக்கு நாக்கு ஓரத்துல சின்னதா ஒரு புண்ணு. புகையிலையைத் தொட்டதே இல்லாதவங்க. பல்லு குத்துதுன்னு நினைச்சோம், நானேதான் ஜெல் வாங்கிக் கொடுத்தேன். எரிச்சல் போச்சு, சிவப்பும் குறைஞ்சுது, சந்தோஷப்பட்டோம். நாலு மாசம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தா ஓரம் தடிச்சுக் கிடக்கு, விரல் வெச்சா கெட்டியா இருக்கு, வலியே இல்லைங்கறாங்க. அந்த நாலு மாசத்தை எனக்கு யாரு திருப்பித் தருவா?

"நீ என்ன டாக்டரா?"ன்னு கேப்பீங்க. இல்லை. அந்த வீடியோல பேசினவரும் இல்லை, அவரை யாரும் கேக்கல. "எல்லா வாய்ப்புண்ணும் கேன்சரா?" இல்லவே இல்லை, முக்கால்வாசி ரெண்டு வாரத்துல தானா ஆறிடும், நான் சொல்றது மூணு வாரமாகியும் ஆறாத புண்ணை. "எச்சில் டெஸ்ட் போதுமே?" வாய்ப் புற்றுநோய் வந்தவங்க எச்சில்ல இன்டர்லூக்கின்-6, 8 ரெண்டும் கூடுதலா இருக்குன்னு ஆய்வுங்க இருக்கு, சரி, ஆனா ஈறு வீங்கினாலும் அது கூடும், அதை வெச்சு மட்டும் எப்படி முடிவு பண்றது? துளி சதை எடுத்து மைக்ரோஸ்கோப்புல பாக்கணும். மூணு வாரம் ஆறலைன்னா காட்டுங்க, அவ்வளவுதான் கேக்கறேன். பயாப்ஸி பண்ணா பரவிடும்னு மறுபடி வராதீங்க, அதைக் கேட்டுதான் சித்தி இன்னும் ரெண்டு வாரம் தள்ளிப் போட்டாங்க.

"பாசிட்டிவா எழுதலாமே"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல. நாக்குல ஒரு பக்கத்தை எடுத்தப்புறம் சித்தி போன்ல பேசுறது வீட்டுல எனக்கு மட்டும்தான் முழுசா புரியுது. நேத்து அவங்களே கூப்பிட்டாங்க. அந்த வீடியோவை அவங்களுக்கும் யாரோ அனுப்பியிருக்காங்க.