பற்று யார் கணக்கில்?

காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிலைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கி, ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்படியே கல்லூரிச் சாலைப் பக்கம் போய் மின்வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைகிறவர்கள் உண்டு. உள்ளே போனதும் பேட்டரிக்குள் அயனி எப்படி நகர்கிறது என்று பார்ப்பார்கள். அம்மன் நகர்த்தினாள் என்று அறிக்கையில் எழுத மாட்டார்கள். எழுதினால் மேலே இருப்பவர் திருப்பி அனுப்பிவிடுவார். அவரும் காலையில் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தவராகவே இருக்கலாம்.

பக்தியும் பகுத்தறிவும் ஒரே மண்டைக்குள் குடியிருக்க முடியுமா என்று முகநூலில் மாதத்துக்கு ஒரு தரம் சண்டை வருகிறது. இந்த மாதமும் வந்தது. இரண்டு பக்கமும் என் நண்பர்கள், இரண்டு பக்கமும் கெட்ட வார்த்தை. செட்டிநாட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தக் கேள்வியே கொஞ்சம் வேடிக்கைதான். முடியுமா என்ன, காலங்காலமாக இருந்துகொண்டுதானே இருக்கிறது!

அந்த ஆய்வகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தவர் அழகப்பச் செட்டியார். கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுத்தே பேர் வாங்கிய சமூகத்துக்காரர். 1948 ஜூலை 25-ஆம் தேதி அடிக்கல் நாட்டியவர் நேரு. கோயில் குளம் என்று போகிற ஆள் இல்லை. 1953 பொங்கலன்று, ஜனவரி 14-ஆம் தேதி, திறந்து வைத்தவர் வேதாந்தத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ராதாகிருஷ்ணன். மூன்று பேருக்கும் சாமி விஷயத்தில் மூன்று வழி. கட்டடம் ஒன்று.

அதற்கும் முந்தைய கதை பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன, வட்டித் தொழில் செய்த செட்டியார்களுடையது. போன ஊரிலெல்லாம் முதலில் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டுக் கோயில் 1859-இலேயே எழுந்துவிட்டது. ரங்கூனில் கட்டிய கோயிலில்தான் கூட்டம் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். முருகனுக்கு விளக்கேற்றிய இடத்திலேயே வட்டி விகிதம்! ஆனால் விகிதம் எவ்வளவு என்று முருகனிடம் பூக்கட்டிப் பார்த்தார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. சந்தையில் பணத்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு, யாருக்கு எவ்வளவு தேவை என்று பார்த்துத்தான் முடிவு செய்திருப்பார்கள். பேரேட்டின் தலையில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே ஒரு காசு இடித்தாலும் விடிய விடிய உட்கார்ந்து சரி பார்க்கிற புத்தி. சுழி போட்டிருக்கிறோமே, ஐந்தொகை தானாகச் சேர்ந்துவிடும் என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் படுக்கப் போனதில்லை.

நானும் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல வராது. பிள்ளைகளின் தேர்வு முடிவு வருகிற மாதம் நிச்சயம் உண்டு. மற்ற மாதங்களில் விவாதத்துக்குரியது.

ஆனால் பிள்ளையார் நோன்பை விட்டதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோரு நாள், நாளுக்கு ஓர் இழையாக நூல் சேர்த்துத் திரியாக்கி, வெல்லம் போட்டுப் பிசைந்த மாவில் வைத்து, நெய்யில் ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது. இழை எடுத்துக்கொள்வது என்போம். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள்கூட அங்கே மண்டபம் பிடித்துச் சேர்ந்து எடுக்கிறார்கள். என் மகன் சின்ன வயதில், சுடாதா என்று ஆத்தாவிடம் கேட்டான். "பிள்ளையார் பாத்துக்குவாரு, நீ டக்குனு வாயை மூடு" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடினால் காற்று இல்லாமல் சுடர் அணைந்துவிடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆத்தா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு அதில் இடிபாடு எதுவும் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு கூட்டத்தைத் திட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வாட்ஸ்அப்பில் 'இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் தெரியுமா' என்று தினமும் அனுப்புகிறார்களே, அவர்களை. தோப்புக்கரணம் போட்டால் மூளை நரம்பு விழிக்குமாம், கோபுரக் கலசம் இடியைத் தின்றுவிடுமாம், இழை மாவில் ஏதோ சத்து இருக்கிறதாம். ஐயா, அதில் இருப்பது மாவும் வெல்லமும் நெய்யும். தாத்தாவுக்குத் தாத்தா எடுத்த இழையை நானும் எடுக்கிறேன், அன்றைக்குப் பங்காளி வீடெல்லாம் ஒன்று கூடுகிறது, அது போதாதா எனக்கு? பிள்ளையாருக்கு எதற்கு ஆய்வகச் சான்றிதழ்? அதைத் தேடிப் போகிறவருக்குச் சாமி மேலும் நம்பிக்கை இல்லை, அறிவியல் மேலும் மரியாதை இல்லை. இறைவன் இல்லை என்று நேராகச் சொல்கிறவரை இவரைவிட எனக்கு மிகவும் பிடிக்கும்.

நேராகச் சொன்னவர் என்றால் பெரியார். அவரை எதிர்கொண்டவர்களில் எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் உண்டு: குன்றக்குடி அடிகளார். நாத்திகப் பிரசாரம் உச்சத்தில் இருந்த காலத்தில், 1952-இல், அதற்குப் பதிலாக அருள்நெறித் திருக்கூட்டம் தொடங்கியவர். எதிரெதிர் மேடை. பின்னால் இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். பெரியார் குன்றக்குடி மடத்துக்கு வந்தபோது திருநீறு கொடுத்தார்கள், அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார் என்று எங்கள் ஊரில் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கதையில் எவ்வளவு கூட்டிச் சொன்னார்களோ, எனக்கு அது முக்கியமில்லை. அடிகளார் பெரியாரோடு பழகியதால் மடத்தை மூடவில்லை. பெரியார் அடிகளாரோடு பழகியதால் பிள்ளையார் எதிர்ப்பை நிறுத்தவில்லை. ஆனால் பெரியார் கேட்ட கேள்விகளில் சாதி பற்றியவை நியாயமானவை என்று அடிகளார் எடுத்துக்கொண்டார். காவி கட்டிய ஒருவர் சாதிக்கு எதிராக மேடையில் முழங்கினார், கிராமத் திட்டத்துக்காக ஆய்வக விஞ்ஞானிகளைக் குன்றக்குடிக்கு அழைத்து வந்தார், 1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வெட்டிக்கொண்டபோது அங்கேயே போய் அமைதிக்கு உழைத்தார். நம்பிக்கையை மதிப்பது என்று நான் சொல்வது இதைத்தான்: எதிராளி சொல்வதில் எது சரி என்று காது கொடுத்துக் கேட்கிற அளவுக்கு அவரைப் பெரிய மனிதராக நினைப்பது. 'உங்களுக்கு உங்க நம்பிக்கை, எனக்கு என் நம்பிக்கை' என்று பேச்சை முடித்துக்கொள்கிறோமே, அதில் மரியாதையைவிடச் சோம்பல்தான் அதிகம்.

(சிராவயலில் ஆசிரமம் நடத்திய ஜீவாவும் இந்தக் கதையில் வர வேண்டியவர். பின்னாளில் பொதுவுடைமைக்காரர், சாமி இல்லை என்றவர். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் விழா மேடையில் ஏறிக் கம்பனைக் கொண்டாடினார். அதைத் தனியாக எழுதுகிறேன்.)

சரி, எல்லா நம்பிக்கையையும் ஒரே தட்டில் வைத்து மதிக்க முடியுமா? முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் தொழிலில் கற்றது: செலவு நடந்திருக்கிறது, பற்று யார் பேரில் எழுதப்பட்டிருக்கிறது, அதாவது அதைச் சுமப்பது யார்?

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர் தன் கால் கொப்புளத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்கிறார். அதைப் பார்த்து நக்கல் அடிக்க எனக்கு என்ன இருக்கிறது? திருமயம் பக்கத்துக் காட்டுபாவா பள்ளிவாசலில் ஒரு தாயைப் பார்த்தேன், இந்துப் பெண். பிள்ளைக்கு வலிப்பு. மந்திரித்த கயிறு கையில் கட்டியிருந்தது. கூட வந்த என் சிநேகிதிக்குக் கோபம்; அறிவியல் டீச்சர், பொறுக்க மாட்டாள். "இந்தக் கயிறு எல்லாம் என்னத்துக்கு, டாக்டர்ட்ட காட்டுனீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா சுருக்குப்பையைத் திறந்து காட்டினார்கள். வெற்றிலை, சில்லறை, அதோடு மாத்திரை அட்டை. சாப்பிட்ட குழிகளும் மிச்சமும் வரிசை தவறாமல் இருந்தன. "மதுரை டாக்டர் குடுத்ததுத்தா. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு நாள் தப்ப விடமாட்டேன். இது எனக்குத் தூக்கம் வர்றதுக்கு" என்று கயிற்றைத் தொட்டுக் காட்டினார்கள். சிநேகிதி அதற்கு மேல் பேசவில்லை. அந்தக் கயிற்றால் யாருக்கும் நட்டமில்லை. அதே கயிறு மாத்திரைக்குப் பதிலாக இருந்திருந்தால் நானே சத்தம் போட்டிருப்பேன், பள்ளிவாசல் என்றும் பார்த்திருக்க மாட்டேன். அப்போது பற்று பிள்ளை பேரில்.

கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுவது இவ்வளவு சுலபமான கணக்கு இல்லை. ஏமாற்றப்பட்டவர்கள், நகையைப் பறிகொடுத்தவர்கள், பங்கு கிடைக்காதவர்கள் அங்கே போய் நாணயத்தை வெட்டிப் போட்டு, அநியாயம் செய்தவனை நீ கேள் என்று காளியிடம் விட்டுவிட்டு வருவார்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு இது மூடநம்பிக்கை. வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போய், வக்கீலுக்குக் கொடுக்க ஆட்டை விற்று, கடைசியில் வழக்குக் கட்டு காணவில்லை என்று கேட்டவர்களுக்கு அது மேல்முறையீடு. அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் நீதிமன்றத்தைப் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும். ஆனால் எதிர்ப்பக்கமும் பார்க்கணுமே. இன்னாருக்காகக் காசு வெட்டிப் போட்டாச்சு என்று ஊருக்குள் பேச்சுக் கிளம்பிவிட்டால், அந்த ஆள் வீட்டில் மாடு செத்தாலும் காளி கேட்டுட்டா என்பார்கள். அவன் நிரபராதியாக இருந்தால்? அவனுக்கு வக்கீலும் கிடையாது, வாய்தாவும் கிடையாது. பக்தையின் கண்ணீரை மதிக்கிறேன். ஊரின் தீர்ப்பை மதிக்க மாட்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் புத்தி வேண்டியிருக்கிறது.

கண்டதேவியில் குழப்பத்துக்கு இடமே இல்லை. தேவகோட்டைக்குப் பக்கத்தில், சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயிலின் ஆனித் தேர். தலித் மக்களும் வடம் பிடிக்கலாமா என்ற பிணக்கில் வழக்கு, தடை, பல வருஷம் தேரே ஓடவில்லை. 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு போலீஸ் குவிப்போடு ஓடியது. அந்த வருஷங்களில் எத்தனை பேர் என்னிடம் சொன்னார்கள் தெரியுமா, 'அது அவுக ஐதீகம், நாம மதிக்கணும்' என்று! வடத்தைத் தொடவிடாமல் நிறுத்தப்பட்டவர்களும் அதே சாமியைத்தானே கும்பிடுகிறார்கள்? அவர்கள் நம்பிக்கையை யார் மதிப்பது? 'நம்பிக்கையை மதி' என்கிற பேச்சு வந்தாலே, யாருடைய நம்பிக்கை என்று நான் ஒருமுறை கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் கை ஓங்கியவர்களுடையதாகத்தான் இருக்கும்.

ஊர் விஷயம் பேசிவிட்டு வீட்டு விஷயத்தை விட்டால் நன்றாக இருக்காது. என் சின்னாத்தா சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர்கள். ஒற்றை ஆளாகப் பையனைப் படிக்க வைத்து, மணம் பேசி, பலகாரத்துக்கு மாவு இடித்ததிலிருந்து பந்தி விசாரித்தது வரை எல்லாம் பார்த்தார்கள். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், தாலி கட்டித் திருப்பூட்டுகிற நேரத்துக்கு ஆளைக் காணோம். இரண்டாங்கட்டில், அடுக்கி வைத்த சேர் வரிசைக்குப் பின்னால் நின்று, தலைகளுக்கு நடுவில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்க என்று கையைப் பிடித்தேன். "வேணாம்த்தா, இங்கயே நல்லாத் தெரியுது" என்றார்கள். அங்கேயிருந்து ஒன்றும் தெரியாது. நானும் நின்று பார்த்தேன், மேளக்காரர் முதுகுதான் தெரிந்தது.

இதைக் குடும்பக் குழுவில் எழுதியபோது அம்மான் பதில் போட்டார்கள்: பெரியவுக வச்ச முறை, ஒருத்தர் நம்பிக்கையைப் புண்படுத்தக் கூடாது, படிச்ச பிள்ளைக நீங்கதான் மதிச்சு நடக்கணும் என்று. பழனிக்கு நடக்கிறவர்கள், யாரையும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாதவர்கள், சின்னாத்தாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். அவர்களுடைய பக்தியில் எனக்குத் துளிச் சந்தேகம் இல்லை. அந்த முறையின் செலவு எல்லாம் தங்கச்சி பேரில் ஏறியிருப்பதுதான் அவர்கள் கண்ணில் படவில்லை.

அம்மான், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். தை மாதம் உங்கள் சாந்திக் கல்யாணத்துக்குச் சின்னாத்தாவை நான்தான் அழைத்து வருகிறேன். வளவில் முன் வரிசையில், உங்கள் கண் படுகிற இடத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். ஐயர் ஏதாவது சொன்னால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.