நான் சுட்ட தோசையை எவன் எடை போட்டான்?

அம்மாவுக்கு நீரிழிவு என்று பலதுறை மருந்தகத்தில் சொன்ன நாளிலிருந்து, அவர் தட்டில் விழுவதையெல்லாம் கைப்பேசிச் செயலியில் ஏற்றுவது என் வேலை. போன ஞாயிறு 'தோசை' என்று தேடினேன். ஒரு பதிவில் 75 கலோரி, இன்னொன்றில் 168, மூன்றாவதில் 310. எதைப் போடட்டும் என்று கேட்டதற்கு அம்மா சொன்னார்: "நான் சுட்ட தோசையை எவன்டா எடை போட்டான்?"

நியாயமான கேள்வி. அந்த மூன்றில் எதையும் யாரும் எடை போட்டிருக்கமாட்டார்கள் என்பது என் சந்தேகம். யாரோ தட்டியதை இன்னொருவர் எடுத்துப் போட்டிருப்பார்.

ஆய்வுக்கூடத்தில் அளந்த எண் என்றால் மட்டும் அப்படியே நம்பிவிடலாமா? அதிலும் கணக்குதான். வழக்கமான முறையில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தவர்கள் இந்த ஓட்டைக்குள்தான் நுழைந்தார்கள். மெலமைனில் நைட்ரஜன் அதிகம், சோதனையில் அது புரதமாகத் தெரிந்தது. குழந்தைகள் இறந்தார்கள்.

கலோரியும் அப்படியே. மாவுச்சத்து கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்று பெருக்கிக் கூட்டுவதுதான் வழக்கம். 2012இல் அமெரிக்காவில் ஆட்களுக்கே பாதாம் கொடுத்துச் சோதித்தபோது, உடலுக்குக் கிடைத்தது அந்தக் கணக்கைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைவு.

ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணை எனக்குப் பிடிக்கும். இந்தியாவை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து, மாதிரி வாங்கி, 528 உணவுகளை அலசியிருக்கிறார்கள். உளுந்து, அரிசி எல்லாம் அதில் உண்டு. ஆனால் தோசை என்பது உளுந்தும் அரிசியும் மட்டுமா? எண்ணெய் ஊற்றும் கையை எந்த அட்டவணையில் தேடுவது? இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் பரோட்டா போடும் அண்ணன் காலையில் ஊற்றுகிற அளவு வேறு, கூட்டம் கூடினால் ஊற்றுகிற அளவு வேறு. (சாப்பிடுகிற நமக்கும் அது தெரியும், கேட்கமாட்டோம்.)

எண் தவறாக இருப்பதில்கூட எனக்குப் பெரிய கோபமில்லை. அளந்தது, சமையல் குறிப்பிலிருந்து கணக்கிட்டது, பொட்டல உறையிலிருந்து எடுத்தது, யாரோ தட்டிவிட்டது என நாலும் செயலியில் ஒரே எழுத்தில், ஒரே தைரியத்தோடு நிற்கின்றனவே, அதில்தான் கோபம். அமெரிக்க வேளாண் துறையின் தரவுத்தளத்தில் நிறுவனங்களின் உறைத் தகவல் தனி, ஆய்வுக்கூடத்தில் அலசியது தனி. ஒரு எண்ணுக்கு எத்தனை மாதிரி எடுத்தார்கள் என்றுகூடப் பல இடங்களில் பார்க்கலாம். பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் போடும் நம் ஊரில், செயலிகள் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி போடக்கூடாதா?

இப்போது ஒரு சின்னத் தராசு வாங்கிவிட்டேன். நேற்று மாவை நிறுத்து, ஒரு கரண்டி எண்ணெய் என்று எழுதிவிட்டுத் திரும்பினால், அம்மா தோசையைச் சுற்றி இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"அதையும் எழுதிக்கோ."