சி ஷிப்ட் முடிஞ்சு ஒரு கிளாஸ் பால்

(ஒரகடத்தில் ஒரு டீக்கடை. காலை 6.40. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய செல்வம், கறுப்புக் கண்ணாடியோடு வந்து பெஞ்சில் உட்காருகிறான்.)

மாஸ்டர்: என்ன தம்பி, கண்ணுல மெட்ராஸ்-ஐ வந்திருக்கா? கொஞ்சம் தள்ளி உட்காரு, வியாபார நேரம்.

செல்வம்: கண்ணு நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். வெயில் பட்டா விடிஞ்சிருச்சுன்னு உடம்பு முழிச்சுக்கும். அப்புறம் ரூம்ல புரண்டுகிட்டே கிடக்கணும்.

மாஸ்டர்: விடிஞ்சுதானே இருக்கு?

செல்வம்: அது உடம்புக்குத் தெரியக் கூடாது.

மாஸ்டர்: சரி. ஸ்ட்ராங்கா, லைட்டா?

செல்வம்: பால்.

மாஸ்டர்: (ஆற்றிய கை அப்படியே நிற்க) என்ன சொன்ன?

செல்வம்: டீ குடிச்சா அஞ்சு மணி நேரம் ஆனாலும் அதோட வேகம் பாதிதான் இறங்கும். தூக்கம் போயிரும்.

மாஸ்டர்: என் டீயிலயா? தண்ணியா இருக்குன்னுல்ல சண்டைக்கு வர்றானுங்க! மூணு வருஷமா ஷிப்ட் பார்க்கிற, இப்ப என்ன புதுசா?

செல்வம்: முன்னாடி காலையில ஏ, மத்தியானம் பி, ராத்திரி சி-ன்னு ஷிப்ட் சுத்தி வரும். வாரா வாரம் கொஞ்சம் தள்ளித் தூங்கினா போதும், உடம்பு ஒத்துக்கும். இப்ப அதையே சி, பி, ஏ-ன்னு திருப்பிட்டாங்க. முன்னாடியே தூங்குடான்னா தூக்கம் எங்கிருந்து வரும்? இதுல ஜனவரியில மாரத்தான் வேற. 42 கிலோமீட்டர்.

மாஸ்டர்: பஸ் போகாத ஊரா?

செல்வம்: விளையாடாதீங்க. காசு கட்டிப் பேர் குடுத்திருக்கேன்.

மாஸ்டர்: ஓடுறதுக்கு நீ காசு குடுத்தியா?! ...சரி, பிராக்டீஸ் எப்ப?

செல்வம்: ஏ ஷிப்ட்னா ரெண்டு மணிக்கே விட்டுருவாங்க, சாயங்காலம் ஓடலாம். சி ஷிப்ட்னா மத்தியானம் வரை தூங்கிட்டு, அஞ்சு மணிக்கு மெதுவா அஞ்சாறு கிலோமீட்டர். வேகமெல்லாம் கிடையாது. லாங் ரன் வீக் ஆஃப்ல. இந்த பி ஷிப்ட்லதான் மாட்டிக்கிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினதும் வாலாஜாபாத் ரோட்டுல ஓட்டம். பார்த்தா, பக்கத்துலயே போலீஸ் ஜீப் வருது. "எதுக்குடா ஓடுற?"ன்னாங்க. "சும்மா சார்"னேன்.

மாஸ்டர்: அந்த நேரத்துல சொல்ற வார்த்தையாடா அது!

செல்வம்: யாரு துரத்துறாங்கன்னு டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. நாலு நாய் நின்னுச்சு. நல்லவேளை, அதுங்கதான் சாட்சி. இப்பல்லாம் கழுத்துல ஐடி கார்டு இல்லாம ஓடுறதில்ல.

மாஸ்டர்: பகல்லயாவது நிம்மதியா தூங்குறியா?

செல்வம்: இருட்டா இருக்கட்டும்னு ஜன்னல் பூரா பேப்பர் ஒட்டினேன். உள்ள என்னமோ நடக்குதுன்னு ஹவுஸ் ஓனர் மூணு தடவை கதவைத் தட்டிட்டார். அதுக்கு அந்த வெயிலே தேவலை.

மாஸ்டர்: மாரத்தான் எத்தனை மணிக்கு?

செல்வம்: ஞாயித்துக்கிழமை விடிகாலை 4 மணி.

மாஸ்டர்: அன்னிக்கு உனக்கு என்ன ஷிப்ட்?

செல்வம்: (பெருமூச்சு) காலண்டர்ல எண்ணிப் பார்த்துட்டேன். சி. சனிக்கிழமை ராத்திரி உள்ள போனா ஞாயிறு ஆறு மணிக்குத்தான் வெளிய வருவேன்.

மாஸ்டர்: ரெண்டு மணி நேரம்தானே லேட்டு? எட்டிப் பிடிச்சிர மாட்ட?

செல்வம்: மாஸ்டர்...

மாஸ்டர்: சரிப்பா. சூப்பர்வைசர்கிட்ட லீவு கேக்க வேண்டியதுதானே?

செல்வம்: கேட்டேன். அன்னிக்கு அவரே லீவாம். ரெண்டு பேரும் ஓடினா இங்க லைன் ஓடாதுங்கிறார்.

மாஸ்டர்: ரெண்டு பேருமா? அவர் எங்க ஓடுறார்?

செல்வம்: அதே மாரத்தான்தான். சுகர் குறையும் சார்னு சொல்லி, போன மாசம் நான்தான் பேர் குடுக்க வெச்சேன்.

(மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் பாலை கிளாஸில் ஊற்றுகிறார். செல்வம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி சட்டைப் பையில் சொருகுகிறான்.)

செல்வம்: அதுல டிகாக்‌ஷனை ஊத்துங்க மாஸ்டர். ஸ்ட்ராங்கா.