நர்சிங் ஹோம் நட்சத்திரங்கள்: அந்த எண்ணை எழுதியது யார்?

அமெரிக்காவில் அப்பா அம்மாவையோ மாமனார் மாமியாரையோ நர்சிங் ஹோமில் சேர்க்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கும் நம் குடும்பங்களுக்காக இந்தப் பதிவு. ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. இங்கே அது வேறு. எழ, நடக்க, சாப்பிட, கழிவறை போக இன்னொருவர் கை தேவைப்படுகிறவர்கள் வாரக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ தங்கும் இடம். ஓரளவு உதவியோடு பெரியவர்கள் தங்கும் குடியிருப்பான அசிஸ்டட் லிவிங்கும் இது இல்லை. அதற்கு அந்தந்த மாநிலம்தான் உரிமம் தருகிறது, மத்திய அரசின் நட்சத்திரம் கிடையாது. ஒரே வளாகத்தில் இரண்டும் இருந்தால், எதன் நட்சத்திரத்தைக் காட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பல குடும்பங்களுக்கு முடிவெடுக்கக் கிடைப்பது ஒரே நாள். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்திருக்கும். டிஸ்சார்ஜ் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, பெயர்கள் அச்சடித்த ஒரு தாளை நீட்டி, நாளை மதியத்துக்குள் இரண்டு மூன்று இடம் சொல்லுங்கள் என்பார். உடனே முதியோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் தளத்தில், நர்சிங் ஹோம்களை ஒப்பிட்டுக் காட்டும் கேர் கம்பேர் பக்கத்தைத் திறப்போம், வீட்டுக்குப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் எது என்று தேடுவோம். அந்தப் பக்கத்தைத் திறப்பது சரிதான். உச்சியில் இருக்கும் அந்த ஒற்றை எண்ணோடு நின்றுவிடுவதுதான் தவறு.

மத்திய அரசு 2008 டிசம்பரில் தொடங்கிய நட்சத்திர முறை இது. அரசு ஆய்வு, பணியாளர் அளவு, தர அளவீடுகள் என்று மூன்று பகுதி. மூன்றுக்கும் தனித்தனி நட்சத்திரம். மொத்த நட்சத்திரம் இவற்றின் சராசரி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆய்வில் கிடைத்த நட்சத்திரம்தான் தொடக்கம். பணியாளர் பகுதியில் 5 இருந்தால் அதோடு ஒன்று கூடும், 1 இருந்தால் ஒன்று குறையும். தர அளவீட்டிலும் அதே கணக்கு. ஆக, ஆய்வாளர்கள் நேரில் பார்த்து 3 கொடுத்த ஓர் இடம், மற்ற இரண்டிலும் 5 வாங்கிவிட்டால், 5 நட்சத்திர இடமாகத்தான் உங்கள் கண்ணில் படும். ஆய்வில் 4 இருந்தால் தர அளவீட்டில் மட்டும் 5 வாங்கினாலே போதும்.

அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு மூன்றையும் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இந்த எண்ணை எழுதியது யார்? ஆய்வு, வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியது. பணியாளர் அளவு, சம்பளக் கணக்கிலிருந்து வருவது. தர அளவீட்டில் பெரும்பகுதி, அந்த நர்சிங் ஹோமே தன்னைப் பற்றி எழுதிக்கொடுப்பது. என் நம்பிக்கையும் அதே வரிசையில்தான்.

முதலில் ஆய்வு. மாநில அரசின் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வருவார்கள். இரண்டு முழு ஆய்வுகளுக்கு இடையே 15 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. புகார் வந்தால் நடுவிலும் வருவார்கள். கண்ட ஒவ்வொரு குறைக்கும் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து. எத்தனை பேரைப் பாதித்தது, எவ்வளவு தீவிரம் என்ற இரண்டையும் சேர்த்து அந்த எழுத்து அமையும். டி, இ, எஃப் என்றால் தீங்கு நேரவில்லை, நேர வாய்ப்பு இருந்தது. ஜி முதல் ஐ வரை உண்மையில் தீங்கு நேர்ந்துவிட்டது. ஜே, கே, எல் என்றால் உயிருக்கே உடனடி ஆபத்து. மதிப்பெண்ணும் அதற்கேற்ப ஏறும்: டி-க்கு 4, ஜி-க்கு 20, ஜே-க்கு 50. மதிப்பெண் கூடக் கூட நட்சத்திரம் குறையும். 2025 ஜூலையிலிருந்து கடைசி இரண்டு சுற்று ஆய்வுகள்தான் கணக்கில் சேர்கின்றன; அண்மையதற்கு 75 சதவீதம், அதற்கு முந்தையதற்கு 25 சதவீதம்.

இந்த ஆய்வு நட்சத்திரம் மாநிலத்துக்குள் மட்டும் ஒப்பிட்டுத் தருவது. ஒவ்வொரு மாநிலத்திலும் மேலே இருக்கும் 10 சதவீதத்துக்கு 5, கீழே இருக்கும் 20 சதவீதத்துக்கு 1, நடுவில் உள்ளவர்களுக்கு 2, 3, 4. நியூ ஜெர்சியில் இருக்கும் மகனும் டெக்சாஸில் இருக்கும் மகளும் அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது என்று பேசும்போது, இங்கே 4, அங்கே 5 என்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஒரு மாநிலத்தின் 5, இன்னொரு மாநிலத்தில் 3 ஆகக்கூட இருக்கலாம்.

நட்சத்திரத்தை விட மதிப்புள்ளது அதன் அடியில் இருக்கும் ஆய்வறிக்கை. 2567 என்ற படிவ எண்ணில்தான் எல்லோரும் அதைச் சொல்வார்கள். கேர் கம்பேர் பக்கத்திலேயே திறந்து படிக்கலாம்; அண்மை ஆய்வின் முடிவு, யாரும் கேட்காமலே எடுத்துப் பார்க்கும்படி அந்த இடத்திலும் இருந்தாக வேண்டும். பெயர் இல்லாமல் "3-ஆம் எண் நபர்" என்றுதான் எழுதியிருப்பார்கள். மணி அடித்து எவ்வளவு நேரம் கழித்து ஆள் வந்தார், புண்ணை யார் எப்போது முதலில் பார்த்தார், டாக்டருக்கு எப்போது சொன்னார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் மூன்று எண்ணை மட்டும் தேடுங்கள்: எஃப்686 படுக்கைப் புண், எஃப்689 விழுதலும் விபத்தும், எஃப்725 போதிய நர்ஸ் இல்லாமை. இவற்றில் ஏதாவது ஒன்று இரண்டு ஆய்விலும் திரும்பத் திரும்ப வந்திருந்தால், எழுத்து டி ஆக இருந்தாலும் நான் அதை லேசாக எடுக்க மாட்டேன். ஒரு தடவை நேர்ந்த தவறு சரியாகலாம். திருத்திவிட்டோம் என்று எழுதிக்கொடுத்த பிறகும் அதே தவறு வந்தால், அந்த இடம் நடக்கும் விதமே அதுதான்.

அடுத்தது பணியாளர். மூன்றில் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இதில்தான். முன்பு இரண்டு வாரக் கணக்கை நர்சிங் ஹோமே எழுதிக்கொடுத்தது. ஆய்வு வரும் நேரத்தில் ஆளைக் கூட்டிக் காட்ட முடிந்தது. 2018 முதல் சம்பளப் பதிவிலிருந்து நாள்வாரியாக எடுக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரப் பராமரிப்பு என்று பக்கத்தில் காட்டும். 3.6 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா பக்கத்தில் யாரோ மூன்றரை மணி நேரம் இருப்பார்கள் என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். நூறு பேர் இருக்கும் இடத்தில் 360 மணி நேரம். எட்டு மணி ஷிஃப்டாகப் பிரித்தால் 45 ஆள். காலைக்கு 20, மாலைக்கு 15 போனால் இரவுக்கு மிஞ்சுவது 10. நூறு பேருக்குப் பத்துப் பேர், அதில் மருந்து கொடுக்கும் நர்ஸும் அடக்கம். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்றால் கை எங்கே இருக்கிறது? படுக்கைப் புண் பெரும்பாலும் அலட்சியத்தால் வருவதில்லை, ஆள் பற்றாமல் வருகிறது. மத்திய அரசுக்காக 2001-இல் செய்த ஆய்வே, நீண்ட காலம் தங்குகிறவர்களுக்குத் தீங்கு நேராமல் இருக்க 4.1 மணி வேண்டும் என்றது. 2024-இல் 3.48 மணியைக் கட்டாயமாக்கும் விதி வந்தது. 2025-இல் டெக்சாஸ் மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. சட்டம் காப்பாற்றும் என்று இருக்க முடியாது, எண்ணை நாமேதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஆர்.என். எனப்படும் பதிவு பெற்ற நர்ஸ்களின் மணிக்கணக்கில், மேசையில் உட்கார்ந்து நிர்வாகம் பார்க்கும் ஆர்.என்.களும் நர்ஸிங் இயக்குநரும் சேர்த்தி. ஆகவே ஆர்.என். எண் 0.6 என்று இருந்தால், மாலை ஏழு மணிக்குத் தங்கியிருப்பவர்களை நேரில் கவனிக்க எத்தனை ஆர்.என். இருப்பார்கள் என்று நேராகக் கேளுங்கள். பதில் ஒரு எண்ணாக வர வேண்டும்.

2022 ஜூலையிலிருந்து சனி ஞாயிறு பணியாளர் அளவும், ஓராண்டில் எத்தனை சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதும் நட்சத்திரத்தில் சேர்ந்திருக்கின்றன. இரண்டும் அதே பக்கத்திலேயே தெரியும். வார நாளுக்கும் சனி ஞாயிறுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், வெள்ளிக்கிழமை மாலை சேர்க்கப்படுகிறவர்தான் அதை முதலில் அனுபவிப்பார். வேலையை விட்டவர்கள் பாதிக்கு மேல் என்றால், அப்பாவுக்கு எந்தப் பக்கம் காது கேட்காது, மாத்திரையை எதில் கலந்து கொடுத்தால் விழுங்குவார் என்று தெரிந்த ஆள் அங்கே நிலைக்கப்போவதில்லை. தமிழ் மட்டும் பேசும் பெரியவர்களுக்கு இது இரண்டு மடங்கு கேடு. சைகையைப் புரிந்துகொள்ளப் பழகிய ஒரு கைதான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர்.

மூன்றாவது, தர அளவீடுகள். அடிபட விழுந்தவர்கள், படுக்கைப் புண் உள்ளவர்கள், மனநோய் மருந்து கொடுக்கப்படுகிறவர்கள் என்றெல்லாம் சதவீதம் போட்டிருக்கும். இவற்றில் பல, நர்சிங் ஹோமே நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்திலிருந்து வருபவை. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விழுந்து பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் மெடிகேர் பில்களை இந்தப் படிவங்களோடு ஒப்பிட்டார்கள். படிவத்தில் ஏறியிருந்தது 57.5 சதவீதம்தான். மனநோய் மருந்துக் கணக்கில் ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. அதனால் மறதி நோயாளிக்கு அந்த மருந்தைக் கொடுத்துவிட்டு, எண்பது வயதில் புதிதாக ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதிவிடும் வழக்கம் பரவியது. 2023-இல் அதற்கென்றே தணிக்கை தொடங்கி, சிக்கியவர்களின் தர அளவீட்டை 1 நட்சத்திரத்துக்கு இறக்குகிறார்கள். சேர்த்த பிறகு அம்மாவின் மருந்துப் பட்டியலையும் நோய்ப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாழ்நாளில் இல்லாத மனநோய் ஒன்று அதில் முளைத்திருந்தால் யார், எந்தப் பரிசோதனையின் பேரில் எழுதினார் என்று எழுத்திலேயே கேளுங்கள். இந்தப் பகுதியில் நான் ஓரளவு நம்புவது, மெடிகேர் பில்லிலிருந்து கணக்கிடும் எண்களை: திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், எமர்ஜென்சிக்குப் போனவர்கள்.

பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு கை தெரிந்தால், அங்கே துன்புறுத்தல் நடந்ததாக ஆய்வில் பதிவாகியிருக்கிறது. மஞ்சள் முக்கோணம், தொடர்ந்து மோசமாக நடப்பதால் தனிக் கண்காணிப்பில் இருக்கும் இடம். இரண்டையும் தாண்டிப் போய்விடலாம். உரிமையாளர் மாறிய தேதியையும் பாருங்கள். பணியாளர் எண்கள் சில மாதம் பின்தங்கியே பக்கத்துக்கு வரும். சென்ற மாதம் கை மாறிய இடத்தின் நட்சத்திரம், பழைய உரிமையாளர் சம்பாதித்தது.

இத்தனையும் பார்த்து இரண்டு பெயரில் வந்து நின்றால், ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குச் சொல்லாமல் போங்கள். அறிமுகச் சுற்றுக்கு அழைத்துப் போகிறவர் அப்போது இருக்க மாட்டார். சாப்பாட்டு நேரம், ஊட்டிவிட ஆள் தேவைப்படுகிறவர்கள் முன்னால் தட்டு ஆறிக்கொண்டிருக்கிறதா, தண்ணீர்க் குவளை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, கதவுக்கு மேல் எரியும் அழைப்பு விளக்கு எத்தனை நிமிடத்தில் அணைகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை ஆர்.என்., எத்தனை உதவியாளர், எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்ற தாளை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அதில் உள்ள எண்ணையும் நடைபாதையில் நீங்கள் எண்ணிய ஆட்களையும் ஒப்பிடுங்கள். தாள் அன்றைய தேதியில் இல்லாமல் வெள்ளிக்கிழமைத் தேதியிலேயே தொங்கிக்கொண்டிருந்தால், இரண்டாவது பெயருக்குப் போய்விடுங்கள்.