அந்தப் பாலம் இடிந்தது ஏழு வருஷத்துக்கு முன்னால்

போன மாசம் ஒரு ராத்திரி, பன்னிரண்டரை மணி இருக்கும். செமஸ்டருக்குப் படித்து முடித்துவிட்டு, தூங்கப் போகுமுன் ஐந்து நிமிஷம் பார்க்கலாமே என்று போனை எடுத்தேன். ஒரு பாலம் ஆற்றுக்குள் சரியும் வீடியோ. மேலே சிவப்பு எழுத்தில் "சற்று முன்". கீழே ஓர் ஊர்ப் பெயர். லாரி ஒன்று உடைந்த விளிம்பில் ஒரு கணம் நின்று, அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து மறைகிறது. மொத்தம் பதினெட்டு விநாடிதான். கடைசிவரை பார்த்தேனா என்றுகூட நினைவில்லை. ஸ்டேட்டஸில் வைத்தேன், வகுப்பு குரூப்பிலும் போட்டேன். "கடவுளே, யாருக்கும் எதுவும் ஆகியிருக்கக் கூடாது" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் வகுப்புத் தோழி ஒருத்தி கூப்பிட்டாள். பேச்சே வரவில்லை, மூச்சுதான் கேட்டது. அவளுடைய அப்பா லாரி ஓட்டுகிறவர். அன்றைக்கு அந்த வழியாகத்தான் சரக்கு ஏற்றிப் போயிருக்கிறார். போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் நானும் அவளும் லைனிலேயே இருந்தோம். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, போனை சார்ஜில் போட்டுவிட்டு அவர் தூங்கியிருக்கிறார். அவர் திரும்பக் கூப்பிட்டபோது மணி இரண்டு பத்து. அவள் அப்போதுதான் அழுதாள்.

அதன் பிறகுதான் அந்த வீடியோவை ஒழுங்காகப் பார்த்தேன். வண்டிகள் எல்லாம் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஓரத்தில் இருந்த பலகையில் நான் படிக்கத் தெரியாத எழுத்து. நட்டநடு இரவில் "சற்று முன்" இடிந்த பாலத்தின் மேல் நல்ல வெயில். நிறுத்தி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் படத்தைக் கொடுத்துத் தேடினால், ஏழு வருஷத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் நடந்தது என்று வந்துவிட்டது. நான்கு நிமிஷ வேலை. அந்த நான்கு நிமிஷத்தை நான் செலவழிக்காததால் ஒரு பெண் ஒன்றரை மணி நேரம் அப்பாவை இழந்திருந்தாள்.

ஸ்டேட்டஸை எடுத்துவிட்டு, "நான் போட்டது பழைய வீடியோ, தவறு என்னுடையது" என்று எழுதி வைத்தேன். வீடியோவைப் பார்த்தவர்கள் 214 பேர். திருத்தத்தைப் பார்த்தவர்கள் 38 பேர். குரூப்பிலிருந்து அந்த வீடியோ வேறு எங்கெல்லாம் போனதோ, அங்கெல்லாம் என் திருத்தம் போகவில்லை. அந்த இரண்டு எண்கள்தான் இந்த ஒரு மாசமாக மனசில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 'சயின்ஸ்' இதழில் 2018-ல் வந்த, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இருக்கிறது. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய, உண்மையா பொய்யா என்று சரிபார்க்கப்பட்ட சுமார் 1,26,000 செய்திச் சங்கிலிகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப்போல் ஆறு மடங்கு நேரம் ஆகியிருக்கிறது. என்னை உலுக்கியது இதுவல்ல. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பரப்பியது மனிதர்கள்தான். பயந்தவர்கள், அதிர்ந்தவர்கள், அக்கறைப்பட்டவர்கள். அன்றிரவு நான் இருந்ததுபோல.

அக்கறை இல்லாமல் நான் அதைப் பகிரவில்லை என்பதால்தான் இது இன்னும் வலிக்கிறது. அக்கறையை அவசரமாக மாற்றிக் கொடுப்பதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. ட்விட்டரில் 2009-ல் ரீட்வீட் பொத்தானை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் கிறிஸ் வெதரெல். பத்து வருஷம் கழித்து, அதைச் செய்ததற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதுவரை ஒரு செய்தியைப் பகிர வேண்டுமென்றால் நகலெடுத்து ஒட்ட வேண்டும். அந்தச் சின்ன சிரமத்தில் யோசிக்க ஒரு விநாடியாவது கிடைத்தது.

சிரமம் கொடுத்தால் பலன் உண்டு என்பதும் தெரிந்த விஷயம்தான். 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியை நம்பி இந்தியாவில் அப்பாவிகளை அடித்தே கொன்றார்கள். அதன் பிறகுதான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது. 2020-ல், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும் என்று இறுக்கியது. உயிர்கள் போன பிறகு வந்த கட்டுப்பாடு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் செய்த ஆய்வையும் படித்தேன். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பவர்கள் மூன்று தரப்பையும் இணையப் பக்கங்களின் முன் உட்கார வைத்திருக்கிறார்கள். முனைவர்களும் மாணவர்களும் பல நேரம் பக்கத்தை மேலிருந்து கீழாக உன்னிப்பாக வாசித்து ஏமாந்திருக்கிறார்கள். சரிபார்ப்பவர்களோ பக்கத்தைச் சீக்கிரமே விட்டு வெளியேறி, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் தேடியிருக்கிறார்கள். மூன்று வருஷமாகக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது "நன்றாகப் படி" என்பதுதான். இதிலிருந்து வெளியே வந்து பார் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இதற்கு மேல் இப்போது செயற்கை நுண்ணறிவு. 2023 மார்ச்சில் போப் பிரான்சிஸ் பெரிய வெள்ளைக் குளிர்கோட்டு போட்டிருக்கும் படத்தை எத்தனையோ பேர் நிஜமென்றே நம்பினார்கள். அப்போதாவது விரல்களைப் பார், கண்ணாடியைப் பார் என்று வழி சொல்ல முடிந்தது. இனி அந்த அடையாளங்களை நம்பிப் பிழைக்க முடியாது. இந்த நேரம் பார்த்து, அமெரிக்காவில் வெளியாட்களை வைத்துச் செய்திகளைச் சரிபார்க்கும் ஏற்பாட்டை நிறுத்துவதாக 2025 ஜனவரியில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் அறிவித்தது. எனக்கு அது பெரிய தவறாகவே படுகிறது.

ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று சட்டம் போட்டு, 2025 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. என் தம்பிக்குப் பதினான்கு. அவனைப் பார்க்கும்போது அந்தச் சட்டம் சரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அன்றிரவு தப்பு செய்தது இருபது வயதான நான். வயதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதாது.

இனி எதிர்காலம். அடுத்த வருஷம் இறுதியாண்டு, கேம்பஸ் இன்டர்வியூ. புள்ளியியல் படிக்கிறேன். வேலை கிடைக்கும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் எனக்குச் செய்தி சரிபார்க்கும் வேலைக்குப் போக வேண்டும். தமிழில். ஆங்கிலத்தில் பொய்யென்று நிரூபிக்கப்பட்ட ஒரு விஷயம் தமிழில் குரல் பதிவாக மறுபடி உயிரோடு சுற்றுவதைக் கண்ணெதிரே பார்க்கிறேன். அதோடு, ஒரு திருத்தம் எவ்வளவு பேரைச் சென்று சேர்கிறது, எப்படி எழுதினால், எந்த நேரத்தில் போட்டால், யார் மூலம் போனால் கூடுதலாகச் சேர்கிறது என்பதை அளந்து பார்க்கவும் ஆசை. நான் படிக்கும் படிப்பு அதற்கு உதவும்.

அப்பாவிடம் சொன்னேன். கோபப்படவில்லை. "இதில் மாசாமாசம் சம்பளம் வருமா?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு வருஷம் ஒரு வேலையில் இருந்துகொண்டே மாலையில் இதைக் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று அப்பாவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது, பல கை மாறி வந்தது என்று காட்டும் இரட்டை அம்புக்குறியோடு. எப்போதும் "எல்லோருக்கும் அனுப்பவும்" என்றுதான் கூட வரும். நேற்று அதன் கீழே "இது நிஜமா பாரும்மா, அதுவரைக்கும் நான் யாருக்கும் அனுப்பலை" என்று தட்டியிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதிதான் கண்டுபிடித்திருக்கிறேன், குரல் யாருடையது என்று இன்னும் பிடிபடவில்லை.