மீன் தொட்டிக் கல்லை அடுப்பில் ஏற்றாதீர்கள்

"பாசி பிடித்த மீன் தொட்டிக் கல்லை அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் புதிது போல் ஆகிவிடும்" என்று ஒரு குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

கல்லின் நுண்துளைகளில் தண்ணீர் சிக்கியிருக்கும். சூடேறும்போது கல் விரிசல் விடலாம், சில சமயம் வெடித்துத் தெறிக்கவும் செய்யும்.

கடல்நீர்த் தொட்டிக் கல் என்றால் ஆபத்து இன்னும் பெரியது. அதில் ஒட்டியிருக்கும் சோவாந்திட் (பவளம் போன்ற சிறு கடல் உயிரி) வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்க வைத்தாலும் அது எளிதில் அழியாது; ஆவியோடு கலந்து வீட்டில் இருப்பவர்கள் எல்லோருடைய மூச்சிலும் ஏறும். இப்படி மூச்சுத்திணறலும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

அப்புறம், மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாவும் அந்தக் கல்லில்தான் வாழ்கிறது. கொதித்தால் அதுவும் போச்சு.

சரி, நன்னீர்த் தொட்டிக் கல்லை எப்படிச் சுத்தம் செய்வது? தண்ணீர் மாற்றும் நாளில், வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே கல்லைப் போட்டு, புது டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பச்சைப் பாசி வழவழவென்று கழன்று வரும். சோப்பு வேண்டவே வேண்டாம். தொட்டி விளக்கை ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். பாசி திரும்ப வருவது குறையும்.