மதுரை மாசி வீதியில் மெட்ரோ தூணா? அந்தப் படம் பொய்

"மாசி வீதியில் மெட்ரோ தூண் வருது, இனி சித்திரைத் தேர் ஓடாது" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது ஏஐ வரைந்த படம். பெரிதாக்கிப் பாருங்கள், கடை போர்டுகளில் இருப்பது தமிழே இல்லை, ஏதோ கோழி கிளறிய மாதிரி இருக்கிறது.

சரி, மதுரை மெட்ரோ ரயில் திட்டம் என்ன சொல்கிறது? திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர்; அதில் ரயில்வே ஜங்ஷன், மீனாட்சி அம்மன் கோயில், கோரிப்பாளையம் பக்கம் வரும் சுமார் 5 கிலோமீட்டர் மட்டும் சுரங்கம், வைகையையும் அடியில்தான் கடக்கிறது. மாசி வீதியில் தூணுக்கே இடமில்லை. தேர் திரும்பும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் இன்னொன்று, இந்தத் திட்டத்துக்கு ஒப்புதலே கிடைக்கவில்லை. மெட்ரோவுக்குத் தேவையான 20 லட்சம் மக்கள் 2011 கணக்கெடுப்புப்படி மதுரையில் இல்லை என்று 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பிவிட்டது.